பெயர் போடாத சீட்டு

செகந்திராபாத் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் சம்பந்தத்தைத் தெரியாதவர்கள் கிடையாது. வாய் அப்படி. ஒர்க் ஷாப்பில் வெல்டிங் வேலை. அங்கே இருக்கிற சத்தத்தில் பேசினால் யாருக்கும் எதுவும் கேட்காது என்பதால், பேச வேண்டியதையெல்லாம் சேர்த்து வைத்திருந்து வீட்டுக்கு வந்து அவிழ்த்துவிடுவார். சோற்றைப் பிசைந்துகொண்டே பேசுவார். சவரம் செய்துகொண்டே பேசி, வாரத்துக்கு ஒரு முறையாவது கன்னத்தைக் கீறிக்கொள்வார். அப்பேர்ப்பட்ட மனிதரிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்து வீட்டு ஆரோக்கியசாமி இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பொண்டாட்டியிடம் நாலு வார்த்தை வாயைத் திறந்து பேசுங்கள் என்று புத்தி சொன்னார். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது?

சம்பந்தத்துக்கு வாழ்க்கையில் முதல் முறையாகப் பேச்சு வரவில்லை. அவர் திகைத்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, பார்த்தீர்களா, நாம் கேள்விப்பட்டது சரிதான் என்று மற்ற இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள்.

ஆரோக்கியசாமியைக் குறை சொல்ல முடியாது. நல்ல மனுஷன். சர்ச் கமிட்டியில் இருப்பவர். காலனியில் எந்த வீட்டில் மனத்தாங்கல் என்றாலும் கூப்பிடாமலே போய் நிற்பவர். அவர் தன் மருமகளின் போனில் ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு மனசு கேட்காமல் வந்திருந்தார். பாடியவள் சம்பந்தத்தின் மனைவி ஷர்மிளா. பாட்டு இப்படிப் போகிறது:

ஒத்த விரலைத் தூக்கிக் காட்டுற,
ஒரு நிமிஷம்னு சொல்லுற.
சொல்ல வந்தது மறந்தே போச்சு,
சொல்ல வந்தவ நிக்கிறேன்.

“இவ்ளோ வருஷமா இதையெல்லாம் மனசுல வெச்சிக்கினு இருந்திருக்குது அந்தப் பொண்ணு. பக்கத்து வீட்ல இருந்தும் நமக்குத் தெரியல பாரு” என்றார் ஆரோக்கியசாமி. சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தப் பொண்ணு அப்போது சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டாள். குலுங்கும் தோளை மட்டும் கூடத்திலிருந்து பார்த்தவர்கள் அவள் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். சம்பந்தத்தின் கதை அத்தோடு முடிந்தது.

பாட்டைப் பாடியது ஷர்மிளாதான். ஆனால் எழுதியது அவள் இல்லை. இந்தச் சின்ன விஷயம் ஏன் ஒருத்தருக்கும் தோன்றவில்லை? இந்தக் காலத்தில் அப்படித்தான். போனில் ஒரு முகம் வந்து பாடினால், அந்த முகம்தான் எழுதியது, அந்த முகத்துக்குத்தான் அந்தக் கஷ்டம் என்று எல்லோரும் முடிவு கட்டிவிடுகிறார்கள்.

ஷர்மிளாவுக்கு நாற்பது வயதாகிறது. அப்பா ஜோலார்பேட்டையிலிருந்து ரயில்வே வேலைக்கு வந்தவர். இவள் பிறந்தது, வளர்ந்தது, சைக்கிள் பழகிக் கீழே விழுந்தது எல்லாம் லாலாகுடாவில். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, காய்கறிக்காரரிடம் ‘நக்கோ பையா, கம்மி கரோ’ என்று, வேண்டாம், விலையைக் குறை என்கிற ஐதராபாத் இந்தி. தமிழ் நன்றாகப் பேசுவாள், எழுதப் படிக்கத்தான் வராது. பாட்டு வரிகளைத் தெலுங்கு எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடுவாள். பகலில் போலாரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர். முகூர்த்த நாளானால் சாயங்காலம் சலீம் பாயின் மெல்லிசைக் குழுவில் பாடகி.

சலீம் பாய் வாணியம்பாடிக்காரர். செகந்திராபாத்தில் கீபோர்டை வைத்துக்கொண்டு, தமிழ்க் கல்யாணமா, தெலுங்குக் கல்யாணமா, நிக்காஹ் முடிந்த விருந்தா, எதுவானாலும் சமாளிக்கிறவர். ஷர்மிளாவின் குரல் கொஞ்சம் கட்டை. ஆரம்பத்தில் அதைக் கேட்டுவிட்டு, இது கல்யாண வீட்டுக்குச் சரிப்படுமா என்று அவரே யோசித்தவர்தான். இப்போது அவள் வராத தேதியில் கச்சேரியே ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் கல்யாணப் பத்திரிகையில் என்னவோ ‘சலீம் மெல்லிசைக் குழு’ என்றுதான் அச்சாகும். இருபது வருஷமாகப் பாடியும் ஷர்மிளா என்ற பெயர் ஒரு தாளிலும் ஏறியதில்லை. அதைப் பற்றி அவள் புலம்பியது கிடையாது. ஆசை இல்லை என்று மட்டும் யாரும் நினைத்துவிட வேண்டாம்.

கல்யாணக் கச்சேரியில் ஒரு வழக்கம் உண்டு. சாப்பிட்டு முடித்தவர்கள் தங்களுக்குப் பிடித்த பாட்டை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்புவார்கள். தாம்பூலப் பையைக் கிழித்து எழுதுவார்கள், கை துடைக்கிற காகிதத்தில் எழுதுவார்கள். நண்பர் கூட்டம் என்றால் பத்துப் பெயர் போட்டு வரும். சில சீட்டில் பெயரே இருக்காது. அந்த மாதிரிச் சீட்டுதான் ஷர்மிளாவுக்கு முக்கியம். வாய்விட்டுச் சொல்ல முடியாத யாரோ ஒருத்தர் நம்மைச் சொல்லச் சொல்கிறார் என்பாள். ராமச்சந்திராபுரம் டவுன்ஷிப்பில் ஒரு கல்யாணத்தில் அப்படி ஒரு சீட்டு வந்தது. பிரிந்துபோனவர்களின் பாட்டு. அவள் முதல் வரியை எடுத்ததும் ஹாலின் இந்தக் கோடியில் ஒரு அம்மாள் தலையைக் குனிந்தாள், அந்தக் கோடியில் ஒரு மனிதர் தலையைக் குனிந்தார். இரண்டு பேருக்கும் ஐம்பது வயதுக்கு மேல். ஷர்மிளா கூரையைப் பார்த்துக்கொண்டு பாடி முடித்தாள். யார் அனுப்பிய சீட்டு என்று சலீம் பாய் கேட்டபோது, தெரியல பாய் என்று சொல்லிவிட்டு, சீட்டைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

வசந்தி கிடைத்ததும் ஒரு கச்சேரியில்தான். கொண்டாப்பூரில் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு. அங்கே இருக்கிற தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து வைத்த பொங்கல் விழா. கச்சேரி முடிந்து ஷர்மிளா செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, கண்ணாடி போட்ட ஒரு பெண் பக்கத்தில் வந்து தயங்கி நின்றாள். தென்காசிப் பக்கத்துப் பெண். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. நான் எழுதின நாலு வரி இருக்கு, வாசிச்சுக் காட்டட்டுமா என்று கேட்டாள். கொசு கடிக்கிற இடத்தில் நின்று, போனைப் பார்த்து மெல்லிய குரலில் வாசித்தாள். ஷர்மிளா செருப்பை மறந்துவிட்டாள்.

வசந்தியின் கணவர் கணேஷ்குமார். அடிக்கிறவர் இல்லை, திட்டுகிறவர் இல்லை, குடி கிடையாது. காலையில் காதில் ஹெட்போனை மாட்டினால் சாயங்காலம்தான் கழற்றுவார். சில நாள் அதுவும் இல்லை. பக்கத்தில் போய் நின்றால், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டுவார். ஒரு நிமிஷம் என்று அர்த்தம். அந்த நிமிஷம் முடிவதே இல்லை. இதைப் போய் யாரிடம் சொல்வது? அம்மாவிடம் ஒரு தடவை சொன்னாளாம். தங்கமான மாப்பிள்ளை, ஒரு விரலைக் காட்டினதுக்கா மூக்கைச் சிந்துற என்று அம்மா சிரித்துவிட்டாளாம்.

நீயே பாடிப் போடலாமே என்று ஷர்மிளா கேட்டதற்கு வசந்தி சொன்ன பதில், அவளுக்குள் அப்படியே தங்கிவிட்டது.

“நான் சொன்னா அது புகார் அக்கா. நீங்க பாடுனா பாட்டு. அவங்க புகாரைக் கேக்க வேண்டாம், பாட்டைக் கேட்டாப் போதும்.”

சலீம் பாய் மெட்டுப் போட்டார். அவர் வீட்டு மாடி அறையின் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியிருக்கும், வெளிச்சத்தம் கேட்காமல் இருக்க. அந்த அறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு வேர்க்க வேர்க்கப் பதிவு செய்தார்கள். என் பெயர் எங்கேயும் வரக் கூடாது என்று வசந்தி கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். பெயர் வெளியே வந்தால் கணவரின் ஆபீஸ், அவர் வீட்டுச் சொந்தம் என்று எல்லோரும் அவரைப் பிடித்து உலுக்கிவிடுவார்கள், அவரை அவமானப்படுத்தவா எழுதினேன் என்றாள். பாடியவர் ஷர்மிளா, இசை சலீம் என்று மட்டும் போட்டு இணையத்தில் ஏற்றினார்கள்.

பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. பெண்கள் ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டி வீடியோ போட்டார்கள். ஒரு நிமிஷம் என்பது தெலுங்குக்காரர்களுக்கும் புரிகிற சொல்தானே, அவர்களும் போட்டார்கள். பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டரம்மாவே ஷர்மிளாவைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் எல்லாம் சுமுகமா என்று விசாரித்தாள். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் ஆரோக்கியசாமி வந்தது.

அவர்கள் போன பிறகு சம்பந்தம் பிடித்துக்கொண்டார். யார் எழுதிய பாட்டு இது, சொல் என்றார். உங்களைப் பற்றி இல்லை, அது மட்டும் சத்தியம் என்றாள் ஷர்மிளா. பின்னே யாரைப் பற்றி? அது பெயர் போடாத சீட்டு, சொல்ல மாட்டேன். ராமச்சந்திராபுரத்துச் சீட்டையே இத்தனை வருஷமாகச் சொல்லாதவள் இதையா சொல்லிவிடப் போகிறாள்? அன்றிலிருந்து சம்பந்தம் ஒரு வேலை செய்தார். ஷர்மிளா கூப்பிட்டால் போதும், குளித்துக்கொண்டிருந்தாலும் துண்டைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்து, சொல்லும்மா, என்ன விஷயம் என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்பார். அவளுக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. பிறகு ஒரு நாள் அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, எதுவும் பேசாமல் இருந்துவிட்டு, கடைசியில் சொன்னார்: “ஒர்க் ஷாப்ல என்னைக் கல்லுன்றானுங்க ஷர்மி.” அதற்கு அப்புறம் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்தச் சமயத்தில்தான் தாரிணி போன் செய்தாள். சென்னைப் பெண். கொண்டாப்பூரில் வேலை செய்துகொண்டே, நண்பர்களோடு சேர்ந்து ‘தன் குரல்’ என்று ஒரு பாட்டு விழா நடத்துகிறவள். கொண்டாப்பூரிலேயே திறந்தவெளி அரங்கம், பெரிய மேடை, நல்ல கூட்டம். ஷர்மிளாவுக்குத் தனி நேரம் ஒதுக்குவதாகச் சொன்னாள். போனிலேயே விளம்பரப் படத்தை அனுப்பியிருந்தாள். ஷர்மிளாவின் முகம், அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் அவள் பெயர். தமிழிலும் தெலுங்கிலும் போட்டிருந்தார்கள். தெலுங்கில் இருந்ததை அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள், என்னவோ அப்போதுதான் எழுத்துப் பழகுகிறவளைப் போல.

மெட்டுகுடாவில் மெட்ரோ ஏறிப் போய்த் தாரிணியைப் பார்த்தாள். பேச்சுவாக்கில், பாட்டு எழுதியது நான் இல்லை என்று சொன்னதும் தாரிணியின் முகம் விழுந்துவிட்டது. அவர்கள் விழாவில் சொந்தமாக எழுதிப் பாடுகிறவர்களுக்குத்தான் மேடை. அதோடு, பாடுவதற்கு முன்னால் அந்தப் பாட்டு எப்படிப் பிறந்தது என்ற கதையையும் ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். அடுத்தவர் பாட்டைப் பாட ஊரில் ஆயிரம் மேடை இருக்கிறது, சொந்தப் பாட்டு எழுதுகிறவர்களுக்கு ஒன்றாவது இருக்கட்டும் என்றுதான் ஆரம்பித்தோம் என்றாள் தாரிணி. நியாயமான பேச்சுதான். ஷர்மிளாவே அதை மறுக்கவில்லை. ஆனால் அடுத்தாற்போல் அந்தப் பெண் சொன்னதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. தானே எழுதிப் பாடினால்தான் பாட்டில் உண்மை இருக்கும் என்றாள் அவள்.

“அப்ப நான் பாடினது பொய்யாவா கேட்டுச்சு?” என்று கேட்டாள் ஷர்மிளா.

பிரியாணி போடுறவரு ஆடு மேச்சிருக்கணும்னு ஐதராபாத்ல யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை என்றும் சொன்னதும் தாரிணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விதி விதிதான், தனக்கு மேலே குழு இருக்கிறது என்றாள். எழுதியவரையும் மேடைக்குக் கூட்டி வர முடியுமா? முடியாது. அப்படியானால், நீங்களே எழுதியது என்று சொல்லிவிட்டால் என்ன மேம், யார் கேட்கப் போகிறார்கள் என்று தாரிணி தயங்கித் தயங்கிக் கேட்டாள். யோசித்துச் சொல்லுங்கள் என்று அனுப்பி வைத்தாள்.

சலீம் பாய்க்கு யோசிக்கவே ஒன்றுமில்லை. “ஹவ், ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லும்மா. இருபது வருஷத்துக்கு ஒரு தடவை கதவு திறக்குது. எதுக்கு நீயே மூடுற?” என்றார். வசந்தியிடம் போனில் சொன்னபோது அவள் அதற்கு மேலே போனாள். உங்கள் பெயரையே போட்டுக்கொள்ளுங்கள் அக்கா, நானே தாரேன், எனக்கு அந்தப் பாட்டு வெளியே வந்ததே போதும் என்றாள். எழுதியவளே கொடுக்கிறாள், கூடப் பாடுபட்டவர் கெஞ்சுகிறார், விழாக்காரர்கள் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். அப்புறம் என்ன கேடு?

ஷர்மிளா அந்த விளம்பரப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். வேண்டும் என்றுதான் இருந்தது. ஆசையாகத்தான் இருந்தது. அந்த மேடை, அந்த விளக்கு, கல்யாணத்துக்கும் சாப்பாட்டுக்கும் இடையில் இல்லாமல் தன் பாட்டைக் கேட்கவென்றே வந்து உட்கார்ந்திருக்கிற ஜனம். ஆமாம் என்றால் அத்தனையும் அவளுக்கு. ஆனால் ஆமாம் என்று சொல்லிவிட்டு மேடையில் என்ன கதை சொல்வது? என் வீட்டுக்காரர் விரலைக் காட்டுவார் என்றா? துண்டைச் சுற்றிக்கொண்டு ஓடிவருகிற மனுஷனைப் பற்றியா அப்படிச் சொல்வது? அவருக்கு அந்தப் பெயர் சாகிற வரைக்கும் ஒட்டிக்கொள்ளும். அதையும் தள்ளி வைத்துவிட்டுப் பார்த்தாள். இன்னொன்று உள்ளே இடித்துக்கொண்டே இருந்தது. எழுதினேன் என்று சொன்னால்தான் நான் பாடகி என்றால், இத்தனை வருஷமாகப் பாடியதற்கு என்ன பெயர்? அந்தக் கேள்விக்கு வந்தவுடன் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்ததும் எல்லாம் தெளிந்துவிட்டது.

மறுநாள் தாரிணியைக் கூப்பிட்டு, வருகிறேன் என்றாள். பாட்டு பிறந்த கதையையும் சொல்கிறேன், ஆனால் எழுதியது நான் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்வேன், கேட்டுவிட்டு இறக்கிவிடுவதென்றால் இறக்கிவிடுங்கள் என்றாள். தாரிணி, அப்படியென்றால் முதலில் பாடிவிடுங்கள் மேம், கடைசியில் சொல்லிக்கொள்ளலாம், அப்போது யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்று வழி சொல்லிக்கொடுத்தாள். நல்ல மனசுதான் அந்தப் பெண்ணுக்கு.

“நக்கோம்மா. சொல்லிட்டுத்தான் பாடுவேன்” என்றாள் ஷர்மிளா.

விழா அன்று சாயங்காலம் சம்பந்தம் இஸ்திரி போட்ட சட்டையில் முன் வரிசையில் உட்கார்ந்து, இந்தப் பக்கத்துக்காரரிடமும் அந்தப் பக்கத்துக்காரரிடமும் மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தார். ஆரோக்கியசாமியும் குடும்பத்தோடு வந்திருந்தார். மூன்றாவது வரிசை ஓரத்தில் வசந்தி. அவளுக்குப் பக்கத்தில் ஒரு காதில் மட்டும் கம்பியில்லாத இயர்போனைச் செருகிக்கொண்டு, போனைப் பார்த்தபடி கணேஷ்குமார். பக்கத்தில்தானே, ஒரு பாட்டுக் கேட்டுவிட்டு வரலாம் என்று வசந்தி அவரைக் கூட்டி வந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் ஷர்மிளாவுக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. வில்லன் மாதிரி ஒரு முகத்தை அவள் நினைத்து வைத்திருந்தாள். இவரோ தூக்கம் போதாத, சாதுவான ஒரு ஆள்.

தாரிணி சொல்லி வைத்திருந்தும், அறிவிப்பாளர் தன் கையில் இருந்ததை அப்படியே படித்தார். தன் வாழ்க்கையைத் தானே எழுதித் தானே பாடும் ஷர்மிளா என்றார். கைதட்டல் எழுந்தது. அப்படியே விட்டிருந்தால் அதுவே போதும். பொய் சொன்ன பாவம்கூட அவளுக்கு வந்திருக்காது. சலீம் பாய் கீபோர்டுக்குப் பின்னாலிருந்து கண்ணாலேயே கெஞ்சினார். ஷர்மிளா மைக்கைப் பிடித்தாள்.

“இதை எழுதினது நான் இல்லைங்க” என்றாள்.

கைதட்டல் அடங்கிச் சலசலப்பு கிளம்பியது. மேடை ஓரத்தில் குழுவைச் சேர்ந்த ஒருவர் ஒலிப் பொறுப்பாளரைப் பார்த்துக் கையை ஆட்டினார். தாரிணி போய் அந்த ஒலிக்காரரின் பக்கத்தில் நின்றுகொண்டாள். மைக் அணையவில்லை.

இது என் கதையும் இல்லை என்று ஷர்மிளா தொடர்ந்தாள். என் வீட்டுக்காரர் அதோ முன்னால் உட்கார்ந்திருக்கிறார், அவரை ஒரு நிமிஷம் சும்மா இருக்க வைக்க நான் கல்யாணம் ஆன நாளிலிருந்து பாடுபடுகிறேன் என்றாள். அந்த நேரத்திலும் சம்பந்தம் பக்கத்துக்காரரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்ததால் கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஆரோக்கியசாமி நெற்றியில் அடித்துக்கொண்டார். சம்பந்தம் எழுந்து எல்லோருக்கும் கும்பிடு போட்டார். சிரிப்பு ஓயும்வரை ஷர்மிளா காத்திருந்தாள்.

“நான் கல்யாணத்துல பாடறவ. மேடைக்குச் சீட்டு வரும். பேர் போட்டும் வரும், போடாமலும் வரும். பேர் போடாத சீட்டை யார் அனுப்பினதுன்னு இதுவரைக்கும் நான் சொன்னதில்ல. சொல்ல முடியாதவங்களுக்காகத்தான் நான் பாடறேன். அவங்களே சொல்லிட முடியும்னா, எனக்கு இங்க என்ன வேலை? இந்தப் பாட்டும் அப்படி வந்த சீட்டுதான்.”

அவ்வளவுதான் பேச்சு. சலீம் பாய் பக்கம் திரும்பித் தலையசைத்தாள். அவர் முகம் எப்படி இருந்தது என்று கவனிக்கக்கூட நேரமில்லை. பாட ஆரம்பித்துவிட்டாள்.

அந்தக் கட்டைக் குரல் திறந்தவெளியில் எழுந்து போனபோது, முட்டை அட்டை அறையில் கேட்டதைவிடப் பெரிதாக இருந்தது. முதல் சரணம் முடிவதற்குள்ளேயே கூட்டம் கூடப் பாட ஆரம்பித்துவிட்டது. பாட்டு அவர்களுக்கு ஏற்கெனவே மனப்பாடம். யார் எழுதினார்கள் என்ற யோசனை அந்த இடத்தில் யாருக்கும் இல்லை. அவரவர் வீட்டு ஞாபகத்தில் அவரவர் பாடிக்கொண்டிருந்தார்கள். ஆரோக்கியசாமியின் மனைவி, நாலு பேரன் பேத்தி எடுத்தவள், கணவர் பக்கமாக விரலை நீட்டிக்கொண்டு பாடினாள். ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிற மனுஷன் வீட்டில் இப்படியா? அவர் மேடையைப் பார்க்க முடியாமல் செருப்பைப் பார்த்தார்.

ஷர்மிளா மூன்றாவது வரிசையைப் பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்திருந்தாள். ராமச்சந்திராபுரத்தில் கூரையைப் பார்த்த மாதிரி இங்கே பார்ப்பதற்குக் கூரை இல்லை. கண் தானாகப் போய்விட்டது.

வசந்தி பாடிக்கொண்டிருந்தாள். தான் சொன்னால் அது புகார் என்று ஒதுங்கிய பெண், கழுத்து நரம்பு தெரிய, கன்னமெல்லாம் ஈரமாக, தான் எழுதிய வரிகளைத் தன்னைச் சுற்றியிருக்கும் முந்நூறு பேரோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தாள். கணேஷ்குமார் போனைக் கீழே வைத்துவிட்டு மேடையைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். எத்தனை நாள் கழித்துப் பார்க்கிறாரோ. அவள் தோளைத் தொட்டு, காதருகே குனிந்து ஏதோ கேட்டார்.

வசந்தி அவர் பக்கம் திரும்பவில்லை. மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டினாள்.

வேண்டுமென்று செய்தாளா, பாட்டு மும்முரத்தில் கை தானாகப் போனதா, மேடையிலிருந்து பார்த்த ஷர்மிளாவுக்குத் தெரியவில்லை. கணேஷ்குமார் அந்த விரலைப் பார்த்தார். காதில் இருந்ததைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். மறுபடி கேட்கவில்லை. விரல் இறங்குவதற்காகக் காத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

கடைசி வரி வந்துவிட்டது. பாட்டை முடிக்க வேண்டிய இடம். ஷர்மிளா முடிக்காமல் முதல் வரியைத் திரும்ப எடுத்தாள். சலீம் பாய் திடுக்கிட்டு, பின்னாலேயே பிடித்துக்கொண்டு வந்தார். இன்னொரு தடவை எடுத்தாள். இன்னொரு தடவையும் எடுத்தாள். கணேஷ்குமார் காத்திருக்கட்டும், இந்த ஒரு நிமிஷத்தை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டிவிடுவது என்று அவள் பாடிக்கொண்டே இருந்தாள்.